கப்ரு கணினித் தொகுதியும் செயலித் தலைமுறைத் தேர்வும்

கப்ரு என்பது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அமைக்கப்பட்ட கணினித் தொகுதியாகும். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரே இதற்கு இடப்பட்டது. உலகின் வேகமான ஐந்நூறு கணினிகளை ஆண்டுக்கு இருமுறை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலில் 2004 ஜூன் மாதம் இது இடம்பெற்றது. சந்தையில் யாரும் வாங்கக்கூடிய செயலிகளைக் கொண்டே அந்த இடத்தை எட்டியதுதான் இதன் சிறப்பு.

இந்த வழிக்கு முன்னோடி அமெரிக்காவின் நாசாவில் உருவான பியோவுல்ஃப். தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் 1994இல் 16 செயலிகளைப் பிணைத்து அதை அமைத்தனர். பென்டியம் செயலி 1993இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் பயன்படுத்தியது அதற்கு முந்தைய 486 தலைமுறையைச் சேர்ந்த டிஎக்ஸ்4. புதியது ஒன்றை வாங்கும் பணத்தில் பழையவை சிலவற்றை வாங்கிச் சேர்த்து உழைக்க வைக்கலாம் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

சென்னையில் இயற்பியலாளர் என். டி. ஹரிதாஸ் முன்னின்று உருவாக்கிய கப்ருவின் முதன்மைப் பணி, அணுக்கருத் துகள்களுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பற்றிய கணக்கீடு. வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் அண்டைக் கட்டங்களின் மதிப்புகளை எடுத்துக் கணக்கிட வேண்டும். எனவே செயலி ஓயாமல் நினைவகத்தை நாடிக்கொண்டே இருக்கும்.

கப்ருவில் 144 கணினிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு இன்டெல் சியான் செயலிகள். அவற்றின் கடிகார வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். 2003இல் 3.06 கிகாஹெர்ட்ஸ் சியானும் சந்தைக்கு வந்திருந்தது. கடிகார வேகத்தில் அது கால் பங்குக்கு மேல் கூடுதல். பிறகு ஏன் 2.4?

விடை, செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் பாதையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சியான் இரண்டு வடிவங்களில் வந்தது. 2002இல் முதலில் வந்ததன் பாதை வேகம் 400 மெகாஹெர்ட்ஸ். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்ததற்கு 533. பெட்டியின் மேல் எண் ஒன்றே, உள்ளே வேறு. முந்தையதில் நொடிக்கு 3.2 கிகாபைட் செல்லும். பிந்தையதில் ஏறத்தாழ 4.3 கிகாபைட். கப்ருவில் இருந்தது இந்த 533 வகை. 3.06 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கும் பாதை அதே 533தான். அதையும் இரண்டு செயலிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குழாயில் வரும் தண்ணீர் அவ்வளவுதான் என்றால் பெரிய குடத்தை வைத்து என்ன பயன்? வரிசையின் உச்சியில் இருக்கும் செயலிக்கு விலை மட்டும் எப்போதும் கூடுதல்.

கணினிகளுக்கு இடையிலான பிணையத்தில் கப்ரு கஞ்சத்தனம் காட்டவில்லை. சாதாரண ஈதர்நெட்டுக்குப் பதிலாக, எஸ்சிஐ என்ற விரைவுப் பிணையம் மூன்று திசைகளிலும் வளையங்களாக அமைக்கப்பட்டது. 288 செயலிகளின் ஏட்டளவுத் திறன் 1.38 டெராஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு 1.38 லட்சம் கோடி கணக்குகள். லின்பேக் சோதனையில் உண்மையில் கிடைத்தது 1.002 டெராஃபிளாப்ஸ். ஏட்டளவில் நூற்றுக்கு 72க்கும் மேல் நடைமுறையில் கிடைப்பது இத்தகைய தொகுதிகளில் நல்ல விளைவு.

இதே சிக்கல் சிறிய அளவில் இன்று மாணவர்களுக்கும் உண்டு. கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக மாணவி ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினியைக் குறைந்த விலையில் தேடுகிறார் என்று கொள்வோம். கோர் ஐ7-7500யு செயலி கொண்டது ஒன்று, ஐ5-8250யு கொண்டது மற்றொன்று. ஐ7 என்ற பெயர் கண்ணை இழுக்கும். ஆனால் 2016இல் வந்த அந்த ஐ7க்கு இரண்டு கருக்கள். 2017இல் வந்த ஐ5க்கு நான்கு. கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கமே இங்கு தலைமுறையைச் சொல்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட செயலிப் பட்டியலில் எட்டாம் தலைமுறை ஐ5-8250யு இருக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ7-7500யு இல்லை.