ஊசி முனையில் ஓர் அமானிதம்

ஊசியின் பெருமையையும் அதனால் விளைந்த துயரையும் ஒருங்கே கண்ட நாடு மிஸ்ரு எனப்படும் எகிப்து. பாத்திமியக் கலீஃபா அல்-ஹாக்கிம் (ஆட்சி 996–1021) காலத்தில், மோசுல் நகரிலிருந்து வந்து கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவர் அம்மார் இப்னு அலீ, கண்புரையை உறிஞ்சியெடுக்க உட்துளையுள்ள உலோக ஊசியைக் கையாண்டார். அம்முறையைத் தம் நூலிலும் விளக்கினார். இவ்வரலாற்றை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் அதே மண்ணின் பிற்கால வரலாறு ஒன்றையும் மறத்தல் ஆகாது.

நைல் கால்வாய்களில் இறங்கி உழைக்கும் உழவர்களைப் பில்ஹார்சியா என்னும் புழுநோய் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. அதை ஒழிக்க, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஊர்தோறும் ஆன்டிமனி மருந்து சிரை வழியே செலுத்தப்பெற்றது. 1964 முதல் 1982 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் பேர் 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகளைப் பெற்றனர்.

நோக்கம் தூயது; கருவி தூயதாக இல்லை. கண்ணாடிச் சிரிஞ்சுகள் போதிய நேரம் கொதிநீரில் இடப்படாமலே ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சென்றன. சிரையில் ஊசி ஏறும்போது சிறிது குருதி சிரிஞ்சுக்குள் திரும்பும். கண்ணுக்குப் புலப்படாத அத்துளியே கல்லீரலை அரிக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கு ஊர்தியாயிற்று. அக்கிருமி அடையாளம் காணப்பட்டதோ 1989இல்தான். அதற்குள் அந்நோய் உலகிலேயே மிகுதியாகப் பரவிய நாடாக எகிப்து ஆகியிருந்தது. பழைய ஊசி இயக்கமே அதற்குப் பெருங்காரணம் என்பதை 2000இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

எகிப்து சோர்ந்துவிடவில்லை. 2018–19இல் ஏறத்தாழ 5 கோடி மக்களைச் சோதித்து, நோயுற்றோர்க்கு இலவசமாக மாத்திரைகள் வழங்கியது. அந்நோயை ஒழிக்கும் பாதையில் பொன் தரநிலையை எட்டிய முதல் நாடு என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பாராட்டியது.

இதில் நமக்குள்ள படிப்பினை தெளிவானது. ஒரு சிரிஞ்சு, ஓர் ஊசி, ஒருவருக்கு, ஒரே முறை. ஊசியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சிரிஞ்சையே பயன்படுத்துவது பாதுகாப்பன்று. உறை பிரிக்கப்படாத புதிய சிரிஞ்சை நம் கண்ணெதிரே பிரிக்குமாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. பயன்படுத்திய ஊசியை மீண்டும் மூடியிட முயலாமல், துளைபடாத பெட்டியில் உடனே இடவேண்டும். இல்லத்தில் இன்சுலின் செலுத்திக்கொள்வோர்க்கும் இவ்விதி பொருந்தும். குப்பையில் வீசிய ஊசி, அதை அள்ளும் ஏழைத் தொழிலாளியின் கையைத் துளைக்கும்.

உடல் இறைவன் நமக்களித்த அமானிதம். பிறர் உடலும் அவ்வாறே. நல்லெண்ணம் மட்டும் அதைக் காவாது. தூய்மையும் உடனிருத்தல் வேண்டும்.