பழனிமலை வட்டாரத்தில் கைத்தூய்மைப் பயிற்சி: ஒரு வரலாற்று ஆய்வு

சுகாதாரப் பணியாளர்களுக்கான கைத்தூய்மைப் பயிற்சி பிள்ளைப்பேற்று அறையில் பிறந்தது. 1847 மே மாதம் வியன்னா பொது மருத்துவமனையில், பிணக்கூறாய்வு முடித்து வரும் மாணவர்கள் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பிறகே கர்ப்பிணிகளைத் தொடலாம் என்று மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் விதித்தார். ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்டின் பிற்பகுதியில் மாணவர்கள் அலட்சியம் காட்டியதும் அது மறுபடி ஏறியது. விதியைச் சொன்னால் மட்டும் போதாது, கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்கவும் வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

தமிழகத்தில் இப்பயிற்சி செவிலியர் கல்வி வழியாகப் பரவியது. வேலூரில் 1909-இல் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கினார். ஆனால் பழனிமலைத் தொடரின் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பள்ளிக்கூடம் போகாத மருத்துவச்சிகள். நெடுங்காலம் சாலை இல்லாதிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. அங்கே மருத்துவச்சியின் கை சுத்தமாக இருப்பதே தாய்க்கும் சேய்க்கும் முதல் பாதுகாப்பாக இருந்தது.

மலையடிவாரத்து ஆத்தூர் வட்டாரத்தில் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரனின் காந்திகிராமம் இந்த இடைவெளியில் பணியாற்றியது. 1959-இல் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம் 1964-இல் ஊரக சுகாதாரப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. கிராமப் பணியாளர்களைக் கிராமச் சூழலிலேயே பயிற்றுவித்ததே அதன் தனிச்சிறப்பு. 1977-இன் ஊரக சுகாதாரத் திட்டம் நாடெங்கும் மருத்துவச்சிகளுக்கு 30 நாள் பயிற்சி அளித்தது. நாளடைவில் அப்பயிற்சி ‘ஐந்து சுத்தங்கள்’ என்ற வடிவம் பெற்றது: சுத்தமான கை, இடம், பிளேடு, நூல், தொப்புள்கொடி. நகத்தை ஒட்ட வெட்டி, வளையலைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கையை முந்தானையில் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். எழுத்தறியாதவரும் செய்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளும்படி அமைந்த பாடம் இது. பொதுச் சுகாதாரக் கல்வியின் நல்ல ஆக்கங்களில் ஒன்றாக இதைக் கருதலாம்.

மருத்துவமனைகளில் சிக்கல் வேறு. பிரிட்டனில் 1978-இல் எல். ஜே. டெய்லர், செவிலியர்களைச் சாயத்தால் கைகழுவச் செய்து ஆராய்ந்தார். கட்டைவிரலும் விரல்நுனிகளுமே பெரிதும் விடுபட்டன. அதே ஆண்டு பர்மிங்காமில் கிரஹாம் அய்லிஃப் குழு வகுத்த ஆறு படிநிலைத் தேய்ப்பு அந்தப் பகுதிகளையும் உள்ளடக்கியது. ஜெனீவாவில் திதியே பித்தே, ஆல்கஹால் கைத்தேய்ப்பானைப் படுக்கையருகே வைத்து, பணியாளர்களின் பழக்கத்தைத் தொடர்ந்து கண்காணித்தார். 1994-இல் 48 விழுக்காடாக இருந்த கடைப்பிடிப்பு 1997-இல் 66 விழுக்காடானது. கழுவுதொட்டி வரை நடந்து போக நேரமில்லாததே பெருந்தடை என்பதை இது காட்டியது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி ‘ஐந்து தருணங்களை’ உலகப் பாடமாக்கியது: நோயாளியைத் தொடுமுன், நுண்ணுயிர் புகக்கூடாத செயல்முறைக்கு முன், உடல்திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின்.

அவ்வழிகாட்டியிலுள்ள கைத்தேய்ப்பானை உள்ளூரிலேயே தயாரிக்கலாம். 80 விழுக்காடு எத்தனாலோடு 1.45 விழுக்காடு கிளிசரின் சேர்வதால் தோல் வறளாது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும் மேல்மலைக் கிராமங்களில் இதன் பயன் பெரிது. சில்லிட்ட நீரில் அடிக்கடி கழுவி வெடித்த தோல் கைகழுவுவதையே தவிர்க்கத் தூண்டும். தேய்ப்பானோ 20 முதல் 30 நொடிகளில் வேலையை முடித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்பும் நீரும் கட்டாயம்.

தமிழகத்தில் இன்று பிரசவங்கள் ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு. மருத்துவச்சியின் பாடம் இப்போது ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரின் பாடமாகிவிட்டது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய காயகல்ப் தூய்மைத் திட்டத்தின் மதிப்பீட்டாளர்கள், குழாயில் நீர் வருகிறதா, சோப்பும் தேய்ப்பானும் பணியிடத்தில் உள்ளனவா, படிநிலைகளைப் பணியாளர் செய்து காட்டுகிறாரா என்று பார்த்து மதிப்பெண் இடுகின்றனர்.