கட்டைவிரலுக்குத் தெரியும்

ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் பெல்ஹெல்வி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்ஸாண்டர் ஃபோர்சைத்துக்கு வேட்டையில் பெரும் பிரியம். அந்தக் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் வெளியே கிண்ணத்தில் கிடக்கும் மருந்து பக்கென்று பற்றும். குண்டு கிளம்புவதற்குள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பறவை தப்பிவிடும். அடிபட்டாலே வெடிக்கிற பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எட்வர்ட் ஹோவர்ட் 1800இல் அறிவித்திருந்தார். அவ்வகை மருந்தால் இயங்கும் துப்பாக்கிப் பூட்டுக்கு ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் இன்றைய பிரைமரின் மூதாதை அது.

பிறகு அந்த மருந்து சின்னஞ்சிறு செப்புத் தொப்பிக்குள் அடங்கியது. விறைத்த விரலால் அதை எடுத்துத் துப்பாக்கியின் காம்பில் மாட்டுவது பெரும்பாடு. அதனால் தொப்பிகளை வரிசையாக அடுக்கி, ஸ்பிரிங்கால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளும் பித்தளைக் கருவிகள் வந்தன. பிரைமர் பொருத்தும் கருவியின் வம்சம் இங்கேதான் தொடங்குகிறது.

அதன் போக்கைத் திருப்பியது 1866. பிரைமர் வெடிக்க வேண்டுமென்றால் அடிக்கும் ஊசிக்கு எதிரே ஒரு பட்டடை வேண்டும். அமெரிக்கரான ஹிரம் பெர்டன் பட்டடையைத் தோட்டாக் கூட்டின் அடியிலேயே வைத்தார். பொறி செல்ல அதன் இருபுறமும் துளைகள். ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் பட்டடையைப் பிரைமருக்குள் வைத்தார். கூட்டில் நடுவே ஒரே துளை. ஒரு கம்பியை அந்தத் துளை வழியே தள்ளினால் செத்த பிரைமர் வெளியே விழுந்துவிடும். அமெரிக்கா கடைசியில் ஆங்கிலேயரின் முறையையே எடுத்துக்கொண்டது. சுட்ட கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு இந்த ஒற்றைத் துளை முக்கியக் காரணம்.

1884இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், கையடக்கக் குறடு ஒன்றைப் பரப்பியது. பழைய பிரைமரை எடுப்பது, புதியதை அழுத்துவது, குண்டைப் பொருத்துவது எல்லாம் அதிலேயே. 1925இல் லைமன் என்ற மற்றொரு நிறுவனம் அதை வாங்கியது. அப்புறம் இதே வேலைகளைச் செய்யும், மேசையில் போல்ட் போட்டு இறுக்கும் பிரஸ்களின் காலம்.

பிரஸ்ஸில் வேகம் உண்டு, பலம் உண்டு. குறை எங்கே என்றால், கூட்டையே உருமாற்றும் நீளக் கைப்பிடி அது. சிறிய பிரைமரின் விட்டம் 0.175 அங்குலம், பெரியதற்கு 0.210. அதைக் கூட்டின் அடியில் உள்ள குழியில் அழுத்தும்போது எழும் மெல்லிய எதிர்ப்பு அந்த நெம்புகோலின் பலத்தில் காணாமல் போய்விடுகிறது. துல்லியத்துக்காகச் சுடுபவர்களில் பலர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மறுபடி கைக்கருவிக்கு வந்தது இதனால்தான். லீ நிறுவனத்தின் கைக்கருவியில் மேலே ஒரு தட்டு. பிரைமர்களைக் கொட்டி மெல்லக் குலுக்கினால், தட்டின் வரிகளில் தட்டுப்பட்டு எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கூட்டைச் செருகிக் கட்டைவிரலால் நெம்பினால் முதலில் லேசான உராய்வு, பிறகு பட்டடையின் கால்கள் குழியின் தரையைத் தொட்டதும் திடமான ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம் கைக்குத் தெரிய வேண்டும். கருவி வாங்குபவர் விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரியாக உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கும். விரலால் தடவினாலே புலப்படும். மேலே துருத்தினால் ஊசியின் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி வெடிக்காமல் போகலாம். சில தானியங்கித் துப்பாக்கிகளிலோ விசையைத் தொடுமுன்பே வெடிக்கும் அபாயம் உண்டு. நெம்பும்போது மறித்தால் பலம் கொடுக்கவே கூடாது. ராணுவக் கூடுகளில் பிரைமர் கழலாதிருக்கக் குழியின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். அதைச் சீர்செய்த பிறகே புதியது இறங்கும். பிரைமருக்குள் இருப்பது அடிபட்டால் வெடிக்கும் மருந்து, பக்கத்தில் வரிசையாக இருப்பதும் அதே. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது.

பல முறை சுட்ட கூட்டின் குழி அகன்றுவிடும். அப்போது பிரைமர் உராய்வே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். விரலுக்கு அது தெரிந்ததும் அந்தக் கூட்டைப் பழைய பித்தளையோடு போட்டுவிட வேண்டியதுதான்.