வெந்நீர் ஊற்றும் வெண்காரமும்



நம் பழைய மாணவர் ஒருவர் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போன படங்களை அனுப்பியிருந்தார். வட்டத்துக்கு வட்டம் சைக்கிள் மிதித்து வளர்ந்த நெய்வேலிப் பிள்ளை அல்லவா! வசிஷ்ட் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுக் கிளம்பி, சோ கார் ஏரியைக் கடந்து, பூகா பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டு, சிந்து நதிக்கரையில் சுமதாங் ஊற்றிலும் களைப்பு ஆறி, லே போய்ச் சேர்ந்தாராம். "சார், பூகாவுக்கு வரலாறு உண்டா?" என்று கேட்டார். உண்டு. அதில் நமக்கும் பாடம் உண்டு.

பூகா சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதிக்கும். அங்குள்ள ஊற்று நீரின் வெப்பம் 84 டிகிரி வரை போகிறது. அதாவது தரையிலேயே உலை கொதிக்கிறது! இந்திய நிலத்தட்டும் ஆசிய நிலத்தட்டும் மோதிய விளிம்பை ஒட்டிய இடம் அது.

அந்த ஊற்றுகள் கக்கியது வெந்நீர் மட்டுமல்ல. கந்தகமும் வெண்காரமும் கூட. நகை பற்றவைக்கப் பொற்கொல்லர் வைத்திருக்கும் அதே வெண்காரம்தான். இமயத்துக்கு அப்பாலிருந்து அதை ஆடுகளின் முதுகில் சிறு பைகளாகக் கட்டிக் கணவாய்கள் வழியே இறக்கினார்கள். ஐரோப்பாவுக்கும் அது போயிற்று.

19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லார்தெரெல்லோவில் பூமியின் வெந்நீரிலிருந்தே போரிக் அமிலம் எடுக்கத் தொடங்கினார்கள். இமயத்து வெண்கார வியாபாரம் நலிந்தது. அதே லார்தெரெல்லோவில் 1904-ல் பியரோ ஜினோரி கோந்தி என்பவர் பூமியின் நீராவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரியவைத்தார். புவிவெப்ப மின்சாரம் பிறந்தது அங்கேதான்.

பூகாவில் 1970-களிலேயே நம் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. 2021-ல் ஓ.என்.ஜி.சி. அங்கே மின்சாரம் எடுக்க ஒப்பந்தம் போட்டது. 2022-ல் துளையிட்டபோது பீறிட்ட நீர் ஓடையில் கலந்ததாகச் செய்தி வந்தது. அது சாங்பா மக்கள் ஆடு மேய்க்கும் பள்ளத்தாக்கு. அந்த ஓடைத் தண்ணீர்தான் அவர்களுக்கும் மந்தைக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வந்தது. 1956-ல் நிறுவனம் உருவானது. 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். நம் வீட்டு விளக்குக்குப் பின்னால் எத்தனையோ கிராமங்களின் வயலும் கிணறும் இருக்கின்றன.

நிலக்கரியை விடப் புகையில்லாதது புவிவெப்பம். அது வளரட்டும். ஆனால் எந்தச் சக்தியானாலும், பூமிக்குள் கை வைக்கும் முன் மேலே வாழ்பவனைக் கேட்க வேண்டும். இதைச் சொல்ல நெய்வேலிக்காரர்களை விடத் தகுதியானவர் யார்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய ஊர்களின் பெயர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள், பிள்ளைகளே.