கோவிந்த மலைக்கு ஒரு வார இறுதி

கல்முனையிலிருந்து மலையேறப் போவதென்றால் எவரும் முதலில் சொல்லும் பெயர் பாவா ஆதம் மலை. அடுத்தது தப்தர் ஜெய்லானி. இவ்விரண்டுக்கும் எங்கள் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்திருக்கின்றனர். எனது மருமகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் இம்முறை வேறொரு பெயரைச் சொன்னார்கள்: கோவிந்தஹெல. மொனராகலை மாவட்டத்தில், சியம்பலாண்டுவைக்கு அருகே, காட்டுச் சமவெளியில் தனித்து நிற்கும் பெரும் பாறை மலை. உயரம் 558 மீற்றர்தான். ஆனால் சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்.

"மாமா, நீங்களும் வாங்க. வரலாறு சொல்ல ஓராள் வேணுமே" என்றான் மருமகன். சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புவது திட்டம். அவர்கள் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அலுமாரியிலிருந்து பழைய நூல்களை இறக்கினேன். அந்த வாசிப்பில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இம்மலையை வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று அழைத்தவர்கள் பிரித்தானியர். அதன் வடிவம் அவர்களுக்கு இலண்டனில் உள்ள தேவாலயத்தை நினைவூட்டியதாம். வடக்கே வெகு தொலைவில் உள்ள இன்னொரு மலைக்குத் துறவியின் முக்காடு என்று பொருள்படும் பிரையர்ஸ் ஹூட் என்ற பெயர். மட்டக்களப்புக் குடும்பிமலைக்கு பேரன்ஸ் கப், அதாவது பிரபுவின் தொப்பி. கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் கப்பல்களுக்கு இம்மலைகள் திசையடையாளங்களாக இருந்தன. மாலுமிகளின் வழிகாட்டி நூல்களில் இவை இடம்பெற்றன. கரை முழுதும் தட்டையான மணலும் தென்னையுமாக இருக்கையில், கடலில் இருப்பவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்வது உள்நாட்டு மலைதான். தொப்பி, முக்காடு, தேவாலயம் என்ற இப்பெயர்களில் மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது வேறு விடயம்.

பழைய பெயருக்கு வருவோம். 1215 ஆம் ஆண்டில் கலிங்க நாட்டு மாகன் பெரும்படையுடன் வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அப்படையில் 24,000 கேரள வீரர் இருந்தனர் என்கிறது சூளவம்சம். எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டியதில்லை. படை பெரிது என்பதே செய்தி. அவனுக்கு அடங்காத சிங்களத் தலைவர்கள் சமவெளியை விட்டுப் பாறைகளின் மேல் ஏறினார்கள். சுப என்ற படைத்தலைவன் யாப்பகுவையில் அரண் அமைத்தான். சங்க என்பவன் கங்காதோணியில் நிலைகொண்டான். புவனேகபாகு என்ற இளவரசன் உரோகண நாட்டில், பகைவரால் எளிதில் வெல்லமுடியாத கோவிந்த மலையின் உச்சியில் ஒரு நகரை அமைத்து, அங்கிருந்து மக்களையும் பிக்குகளையும் காத்தான். ஆய்வாளர்கள் அந்தக் கோவிந்த மலையையே இன்றைய கோவிந்தஹெல என்று அடையாளம் கண்டுள்ளனர். (1272 இல் அரசனாகிப் பின்னர் யாப்பகுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு வேறு ஆள். பெயர் ஒன்றாயிருப்பதால் எச்சரிக்கிறேன்.) யாப்பகுவை பின்னாளில் தலைநகரானது. அதன் படிக்கட்டும் சிங்கச் சிலையும் உல்லாசப் பயணிகள் அனைவரும் அறிந்தவை. கோவிந்த மலையோ காட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

இங்கே எங்கள் பக்கத்துக் கதை குறுக்கிடுகிறது. சூளவம்சத்தில் மாகன் விகாரைகளை இடித்தவன், குடிமக்களை வதைத்தவன். மட்டக்களப்புத் தேசத்தின் மரபுகளைத் தொகுத்துக் கூறும் 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற நூலில் அதே ஆள் மாகோன் என்ற பெயரில் வருகிறான். அங்கே அவன் நீதி வகுத்தவன். எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை, என்ன ஊழியம் என்று வரையறுத்தவன். மலைமேல் இருந்தவர்களுக்குக் கொடுங்கோலன்; மலைக்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்தவர்களுக்குச் சட்டம் தந்த அரசன். ஒரே மனிதன்தான். இரண்டு நினைவுகளுக்கும் நடுவில் இந்தப் பாறை நிற்கிறது.

கடலோர முஸ்லிம்களாகிய நாங்கள் இந்த இரண்டு ஏடுகளில் எதிலும் முக்கியப் பாத்திரம் அல்ல. ஆயினும் அந்தக் குடி முறை எங்களிடமும் உண்டு. தாய்வழியே வரும் குடிகள், குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசலுக்கு மரைக்காயர் என்ற ஏற்பாடு, இவையெல்லாம் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களின் கோயில் வண்ணக்கர் முறைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். போர்த்துக்கேயர் 1626 இல் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்னரே இங்கு எங்கள் முன்னோர் இருந்தனர் என்பது ஊர் மரபு.

அவர்கள் கரையோடு நின்றவர்களும் அல்லர். பொதிமாடுகளைக் கொண்ட தவளம் என்ற வணிகக் கூட்டங்களில் கரையோர உப்பும் கருவாடும் மலைநாட்டுக்குப் போயின. பாக்கும் ஏனைய மலைநாட்டு விளைபொருட்களும் திரும்பி வந்தன. கண்டி இராச்சியத்தில் இத்தொழிலில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. கோவிந்த மலை நிற்கும் வெல்லஸ்ஸப் பகுதியில் தவளம் ஓட்டிய முஸ்லிம் குடிகளும் வாழ்ந்தனர். 1815 இல் கண்டியைப் பிடித்த பிரித்தானியர், ஹாஜி மரிக்கார் என்பவரை வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தனர். அங்கிருந்த சிங்களப் பிரதானியின் அதிகாரத்தை அது நறுக்கியது. 1817 இல் வெடித்த ஊவாக் கிளர்ச்சியின் காரணங்களுள் அந்த நியமனத்தையும் வரலாற்றாசிரியர்கள் சேர்க்கின்றனர். ஹாஜி பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் அம்பெய்யப்பட்டு இறந்தார். 1818 இல் பிரித்தானியப் படை வீடுகளையும் வயல்களையும் எரித்தது, குளங்களை அழித்தது. வெல்லஸ்ஸ என்பதற்கு ஓர் இலட்சம் வயல்கள் என்று பொருள் சொல்வார்கள். காடு மூடியதற்கு யானையைக் குற்றஞ்சொல்ல முடியாது.

ஐவரில் ஒரு பையனின் தகப்பனார் இந்தப் பயணத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. பொத்துவில் பக்கத்தில் உறவினர் உள்ளவர் அவர். "உங்கட வரலாறெல்லாம் சரி காக்கா, பழைய கல்லுக் கிடக்கிற இடத்துக்கு நம்மட புள்ளைகள் போறது நல்லதில்ல" என்றார். அவருடைய அச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2006 செப்டெம்பரில் பொத்துவில் இறத்தல்குளத்துக்கு வேலைக்குச் சென்ற முஸ்லிம் கூலித் தொழிலாளர் 10 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இராணுவத் தரப்பும் புலிகளும் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தினர். போர் முடிந்தபின் வேறு அச்சம் வந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. வயலோரத்தில் பழைய செங்கல் ஒன்று தென்பட்டாலே காணி போய்விடுமோ என்று எங்கள் விவசாயிகள் பேசத் தொடங்கினார்கள். ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போவது சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்ட காலம் இது.

அவரிடம் நான் வாதாடவில்லை. பாதையை மட்டும் சொன்னேன். கொழும்பில் தொடங்கும் ஏ4 நெடுஞ்சாலை மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக வந்து எங்கள் கல்முனைச் சந்தியைக் கடந்து மட்டக்களப்பில் முடிகிறது. அவர் கடை வாசலில் ஓடும் தெருவும் மலைக்கு அருகே செல்லும் தெருவும் ஒன்றே. சிரித்தார், சம்மதம் சொல்லவில்லை. "அவன்ட உம்மாக்கிட்டக் கேக்கணும்" என்றார். இது பாதிச் சம்மதம் என்று மருமகன் கருதுகிறான்.

திட்டம் இப்போதைக்கு இப்படி. மாதம் பெப்ரவரி பிற்பகுதி அல்லது மார்ச். மார்கழி மழையில் பாறை வழுக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று உடம்பு நீரை உறிஞ்சிவிடும். போகும்போது காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை வழி. இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தைப் பார்த்துவிட்டு இரவு சியம்பலாண்டுவையில் தங்கல். சுபஹ் தொழுததும் ஏற்றம். வெயில் ஏறுமுன் உச்சி. பொழுது சாயுமுன் கட்டாயம் கீழே, ஏனெனில் அந்திப் பொழுது யானைக்குரியது. ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர். ஊரறிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும் வேண்டும். சிங்களம் சரளமாகப் பேசுபவன் எங்களில் ஒருவனே உண்டு. அவனுக்குத்தான் உயரம் என்றால் பயம். செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும் என்பதால் வாசனைத் தைலமும் கூச்சலும் கூடாது என்று நான் விதித்திருக்கிறேன். அத்தரில்லாமல் வீட்டைவிட்டு இறங்காதவர்கள் இவர்கள்.

திரும்பும் வழி லகுகலை, பொத்துவில், திருக்கோவில். மாகோன் மரபில் பேசப்படும் அந்தக் கோயிலடியில் தேநீருக்கு நிறுத்துவோம். காலையில் அவனுக்கு எதிராக எழுந்த அரணில் நின்ற கால்கள் மாலையில் அவன் புகழ்பாடும் மண்ணில் நிற்கும்.

உச்சியில் எங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு மணி நேரம். பழைய கட்டட எச்சங்களைப் பார்ப்போம். ஒரு செங்கலையும் எடுக்கமாட்டோம், எதிலும் பெயர் எழுதமாட்டோம் என்று ஐவரிடமும் வாக்கு வாங்கியாகிவிட்டது. என்னுடைய ஆவல் கிழக்குத் திசைமீது. கப்பலிலிருந்து இந்த மலை தெரிந்தது என்றால், மலையிலிருந்து கடலும் தெரியவேண்டும். தெளிந்த காலையானால் எங்கள் கரையின் எந்த இடம் வரை கண்ணுக்கு எட்டுகிறது என்று பார்த்து வரவேண்டும். பழைய தூரதரிசினி ஒன்றைத் துடைத்து வைத்திருக்கிறேன்.