எஸ்டிடி எல்லையில் நின்ற இணையம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்று எழுதுவது வழக்கம். தேதி சரிதான், 'இந்தியாவில்' என்ற சொல்தான் இடிக்கிறது. அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம் அன்று சேவையைத் திறந்தது பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் மட்டுமே. இணையம் பரவாமல் நின்றதற்குக் கணினிப் பற்றாக்குறையைக் காரணம் சொல்வார்கள். அதைவிடத் தொலைபேசிக் கட்டண எல்லையே பெரிய தடை என்பது என் வாதம்.

கல்பாக்கம்-அணுபுரம் வட்டாரத்தைப் பார்ப்போம். அணுசக்தித் துறை ஊழியர்கள் வாழும் பகுதி. கணினி அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை சுமார் 70 கிலோமீட்டர். ஆனால் அன்று கல்பாக்கத்தின் எஸ்டிடி (வெளியூர் நேரடி அழைப்பு) குறியீடு 04114, சென்னைக்கு 044. மோடம் சென்னை எண்ணை அழைத்ததும் வெளியூர்க் கட்டணம் ஓடத் தொடங்கும். படங்களோடு வலைப்பக்கம் பார்க்க உதவும் தனிநபர் டிசிபி/ஐபி கணக்குக்கு அன்று 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய், அதாவது மணிக்கு 60 ரூபாய். டெலிபோன் பில் தனி. விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் 100 கிலோபைட் படம் இறங்க ஒன்றரை நிமிடமாகும், நடுவில் இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால். அன்று இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடி கட்டணம் கால் பங்குதான். சிக்கனக்காரர் கண்விழிக்க வேண்டியதுதான்.

1986இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் தொடங்கிய கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட்டைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டக்கூடும். சென்னை ஐஐடி அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களில் ஒன்று. எர்நெட்டின் தொடக்ககால மின்னஞ்சல் யுயுசிபி முறையில் சென்றது: மடல்களைச் சேர்த்துவைத்து ஒரே அழைப்பில் அனுப்பிவிடும். மீட்டருக்குப் பயந்தவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. வலையில் உலாவுவது அப்படியல்ல, பக்கத்துக்குப் பக்கம் தாவும்வரை லைன் திறந்திருக்க வேண்டும். தொழில்நுட்பம் வளர வளர வெளியூர்க்காரருக்குச் செலவு கூடியது என்பதை நம் வரலாறுகள் கவனிக்கவில்லை.

1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தபோதும் உரிமங்கள் தொலைபேசி எல்லைகளையே பின்பற்றின. 'பி' வகை உரிமத்தில் சென்னைத் தொலைபேசி ஒரு பகுதி, தமிழ்நாடு வட்டம் வேறொரு பகுதி.

எல்லையைத் தாண்ட வேறு வழியும் இருந்தது. அதே காலத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர விவரம், வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. ஒரு இணைப்பு, ஊர் முழுக்கக் காது. வீட்டுக்கொரு மோடம் என்ற நகரத்துக் கணக்கைவிட அது இந்த மண்ணுக்குப் பொருத்தமான சிந்தனை என்பேன்.

04114 இன்று வழக்கில் இல்லை. கல்பாக்கம் எண்கள் 044க்குள் வந்துவிட்டன. இணைய வரலாறு எழுதுவோர் பழைய டெலிபோன் டைரக்டரிகளின் குறியீட்டுப் பக்கங்களையும் கட்டணப் பட்டியல்களையும் எடைக்குப் போடுவதற்குள் தேடி எடுக்க வேண்டும்.