மாட்டுவண்டிக்கும் பெட்ரோல் விலை உண்டு

1973 நவம்பரில் தில்லி நாடாளுமன்றத்துக்கு ஒரு மாட்டுவண்டி வந்து சேர்ந்தது. அதில் அடல் பிஹாரி வாஜ்பாயும் இன்னும் சில எதிர்க்கட்சிக்காரர்களும் இருந்தார்கள். இந்திரா காந்தி அரசு பெட்ரோல் விலையை ஏற்றியதற்கு எதிர்ப்பு. இன்றைக்கும் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் அந்தக் காட்சி வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு வருட வரலாற்றை வாசிக்க வாசிக்க, எனக்கு வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களைவிட மாட்டின் மேல்தான் கவனம் போனது. பெட்ரோல் குடிக்காத ஜீவன். அன்றைய இந்தியாவில் பெரும்பாலானவர்களும் அப்படித்தான். கார், ஸ்கூட்டர் எல்லாம் கொஞ்சம் பேருக்கு மட்டும். அப்போ, "பெட்ரோல் விலை ஏறுனா எனக்கென்ன?" என்று ஒரு விவசாயக் கூலி கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதானே?

முதலில் நடந்ததைப் பார்த்துவிடலாம். 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரில் இறங்கின. இஸ்ரேலை ஆதரித்த அமெரிக்காவுக்கும், கூடவே நெதர்லாந்துக்கும் எண்ணெய் தர மாட்டோம் என்றன அரபு நாடுகள். உற்பத்தியையும் குறைத்தன. போருக்கு முன் பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலை, 1974 ஜனவரியில் 11.65 டாலர். மூன்று மாதத்துக்குள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு!

இந்தியா அரபு நாடுகளுக்கு வேண்டப்பட்ட நாடு. தடைப் பட்டியலில் அதன் பெயர் கிடையாது. ஆனால் தடைக்குத்தான் நண்பன் எதிரி எல்லாம். விலைக்கு அது தெரியாது. அன்று நமக்குத் தேவையான எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்துதான் வந்தது. 1972-73இல் ஏறத்தாழ 200 கோடி ரூபாயாக இருந்த எண்ணெய் இறக்குமதிச் செலவு, இரண்டே வருடத்தில் 1,100 கோடியைத் தாண்டியது.

சரி, அந்தக் கூலிக்காரர் வீட்டுக்கு இது எந்த வழியாக வந்தது? முதல் வழி மண்ணெண்ணெய். ராத்திரி விளக்கு அதில்தான் எரிந்தது. இரண்டாவது லாரி வாடகை. டீசல் ஏறினால் அரிசி, வெங்காயம், துணி, சோப்பு எல்லாம் சேர்ந்து ஏறும். மூன்றாவது வழிதான் யாரும் எதிர்பார்க்காதது: உரம்.

சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் யூரியா செய்யும் உரத் தொழிற்சாலையும் அருகருகே கட்டப்பட்டன. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நாப்தா என்று ஒரு திரவம் கிடைக்கும். அன்று அதிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா செய்தார்கள். அன்று வயலில் தூவிய வெள்ளைக் குருணை, ஒரு வகையில் உருமாறிய பெட்ரோலியம். பசுமைப் புரட்சியின் புது நெல்லும் கோதுமையும் இந்த உரத்தை நம்பித்தான் நின்றன. 1974இல் அரசு யூரியா விலையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கியது. விவசாயிகள் உரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆக, வண்டி மாட்டுக்குப் போட்ட வைக்கோலில்கூட அரேபியப் பாலைவனத்தின் விலை ஒட்டியிருந்தது.

இதற்காக எல்லாப் பழியையும் எண்ணெய் மேல் போட்டால் அது வரலாறு ஆகாது. 1971இல் வங்கதேசப் போர், ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள். 1972இல் பருவமழை பொய்த்து, மகாராஷ்டிரத்தில் கொடும் வறட்சி. 1973இல் கோதுமை மொத்த வியாபாரத்தை அரசே எடுத்து நடத்திப் பார்த்தது, அது தோற்றுப்போனது. வீடு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. எண்ணெய் அப்புறம்தான் ஊற்றப்பட்டது.

1973 டிசம்பரில் அகமதாபாதில் எல்.டி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். காரணம், விடுதி மெஸ் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றியது. மெஸ் பில்லில் தொடங்கிய அந்தச் சண்டைதான் நவநிர்மாண் இயக்கம் ஆனது. 1974 பிப்ரவரியில் குஜராத் முதல்வர் சிமன்பாய் படேல் பதவி விலக வேண்டியதாயிற்று. அந்த 1974இல் இந்தியாவின் நுகர்வோர் விலைகள் சராசரியாக 28 சதவீதத்துக்கு மேல் ஏறின. போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இந்த வருடம் நூற்றி இருபத்தெட்டு ரூபாய். சம்பளம் மட்டும் அதே நூறு.

இந்த இடத்தில்தான் என் கேள்வி மாறுகிறது. எண்ணெய் விலை ஏறும்போது ஒரு நாடு முழுசாகவே ஏழையாகிறது. அதே எண்ணெய்க்கு அதிகப் பணம் வெளியே போகிறது. அந்த நஷ்டம் நிஜம், யாராவது சுமந்துதான் ஆகணும். ஆலைக்காரர் விலையில் ஏற்றிவிடுவார். லாரிக்காரர் வாடகையில் ஏற்றிவிடுவார். கடைக்காரரும் அப்படியே. ஆளுக்கு ஆள் அடுத்தவர் தலைக்கு மாற்றிவிட்டுக்கொண்டே போகிற இந்த ஓட்டத்தைத்தான் பணவீக்கம் என்கிறோம். மாற்றிவிட ஆளில்லாதவர் கையில் கடைசியாக அது வந்து நிற்கும்.

தொழிலாளிக்கு மாற்றிவிட இருந்த ஒரே வழி அகவிலைப்படி. அந்தக் காலத்தில் அதற்குப் பேர் பஞ்சப்படி. பேரிலேயே பஞ்சம் இருக்கிறது. 1974 மே மாதம் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். போனஸ், எட்டு மணி நேர வேலை இவற்றோடு, விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படியும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். இருபதே நாளில் போராட்டம் முறிந்தது.

ஜூலையில் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சம்பள உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கையில் தராமல் கட்டாய வைப்பாகப் பிடித்துவைத்தது. கம்பெனிகள் பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகைக்கும் வரம்பு வைத்தது, வங்கி வட்டி வீதமும் 9 சதவீதமானது. ஆனால் ஈவுத்தொகை வரவில்லை என்று எந்த வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை. நஷ்டத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அரசு தந்த பதில் இதுதான்.

பலன் இருந்தது, மறுப்பதற்கில்லை. 1974 இறுதியிலேயே விலைகள் இறங்கத் தொடங்கின. 1975இல் மழையும் கைகொடுத்தது. 1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தபின் "பாருங்கள், விலைவாசி இறங்கிவிட்டது" என்று அதன் கணக்கில் எழுதினார்கள். நெருக்கடிநிலைக்கு முன்பே இறக்கம் ஆரம்பித்தாயிற்று என்பது அந்தப் பிரச்சாரத்தில் இல்லை. பஞ்சப்படியை விட்டுக்கொடுத்தவர்களின் பேரும் அதில் இல்லை.

ஒரு நல்ல பாடமும் மிஞ்சியது. உரம் கட்டுப்படியாகாவிட்டால் சோறு இல்லை என்று புரிந்தபின், 1977இல் உர ஆலைகளின் செலவுக்கும் விவசாயி தரும் விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அரசே ஏற்கும் திட்டம் வந்தது. அதாவது, சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு என்று நாட்டுக்குத் தெரிந்தேயிருந்தது.

எரிபொருள் விலை ஏறுவது எப்போதும் நம் கையில் இல்லை. அது யார் தலையில் இறங்குகிறது என்பது நம் கையில் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு நமக்குப் பிரியாணி கொண்டுவரும் தம்பி பெட்ரோலைத் தன் காசில்தான் போடுகிறார். ஹோட்டல்காரர் மெனுவில் விலையைத் திருத்திவிடலாம்; அவருக்குத் திருத்த மெனு கிடையாது. பஞ்சப்படி என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1974இல் அதன் உயர்வில் பாதியைப் பிடித்துவைக்க ஒரு சட்டமாவது தேவைப்பட்டது. இவர் விஷயத்தில் பிடித்துவைப்பதற்கே ஒன்றும் இல்லை.